வீடியோ கேமில் வரும் பொதுமக்களுக்கு ஓடுவதைத் தவிர வேறென்ன தெரியும்?

போரைப் பற்றிய வீடியோ கேம்களில் பொதுமக்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் கவனித்துப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் இரண்டே வேலைதான். வெடி கேட்டால் ஓடுவார்கள், அல்லது தலையில் கைவைத்துக் குந்தியிருப்பார்கள். சத்தம் ஓய்ந்ததும் எதுவும் நடக்காததுபோல எழுந்து நடப்பார்கள். ஷெல்லடிக்குள் இருந்த எவரும் இதை நம்பமாட்டார்கள். அந்த நேரத்தில் சனம் ஓடியது மட்டுமல்ல. சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணித்தது, எந்தப் பையைத் தூக்குவதென்று யோசித்தது, நடக்கமுடியாத கிழவரை யார் தூக்குவதென்று முடிவெடுத்தது.

ஒரு கேமில் தானாக இயங்கும் பாத்திரம் எப்படி முடிவெடுக்கிறது? அது விளங்கினால், யாருக்காக அதிகம் உழைத்திருக்கிறார்கள், யாரைக் கைவிட்டிருக்கிறார்கள் என்பதும் விளங்கும்.

விதி

1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பக்-மான், தோரு இவதானி வடிவமைத்தது. அதில் துரத்தும் பேய்கள் நான்கு. சிவப்புப் பேய் நாம் நிற்கும் கட்டத்தை நோக்கி நேராக வரும். இளஞ்சிவப்புப் பேய் நமக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். செம்மஞ்சள் பேய் தூரத்தில் இருந்தால் துரத்தும். எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். பார்ப்பவருக்கு அது பயந்த பேய். ஆனால், அதற்குள் எழுதப்பட்டிருப்பது பயமல்ல, தூரக் கணக்கு. பாத்திரத்தின் குணத்தில் பாதியைப் பார்ப்பவரே தன் மனதில் செய்துகொள்கிறார்.

தேவை

2000ஆம் ஆண்டில் வில் ரைட் உருவாக்கிய த சிம்ஸ் கேமில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பசி, தூக்கம், துப்புரவு, மற்றவர்களுடன் பழகுதல் என எட்டுத் தேவைகள். வீட்டிலுள்ள பொருட்கள் தாம் எந்தத் தேவையை எவ்வளவு தீர்க்கும் என்று அறிவித்துக்கொண்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டி பசியைத் தீர்ப்பேன் என்கிறது, கட்டில் களைப்பைத் தீர்ப்பேன் என்கிறது. பாத்திரம் தனக்கு எது அதிகம் குறைந்திருக்கிறதோ அதைப் பார்த்துப் போகிறது. அறிவின் பெரும்பகுதி பாத்திரத்துக்குள் இல்லை, பொருட்களுக்குள் இருக்கிறது.

திட்டம்

2005இல் வந்த ஃபியர் கேமின் படையினருக்கு ஜெஃப் ஓர்கின் வேறொரு முறையைக் கொடுத்தார். இன்ன நேரத்தில் இன்னதைச் செய் என்று கட்டளையிடாமல், ஓர் இலக்கையும் செய்யக்கூடிய செயல்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டார். கதவு அடைபட்டால் உதைத்துப் பார்ப்பது, முடியாவிட்டால் ஜன்னலால் பாய்வது என்று சிப்பாயே வழி தேடுவான். தனித்துப்போனவன் உதவிக்கு ஆள் கேட்டுக் கத்துவான். உண்மையில் அதற்காக யாரும் அனுப்பப்படுவதில்லை. ஆனால், கொஞ்சத்தூரம் போனதும் வேறு எதிரிகள் எப்படியும் வருவார்கள். விளையாடுபவர் அவர்களைத்தான் உதவிப்படை என்று நினைத்துக்கொள்வார். ஒரு வரி வசனமே போதுமாக இருந்தது.

சுடுபவனுக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். சுடப்படுபவருக்கு?

நினைவு

2014 நவம்பரில் போலந்தின் வோர்சோவிலுள்ள 11 பிட் ஸ்ரூடியோஸ் வெளியிட்ட திஸ் வோர் ஒஃப் மைன் கேமில், நாம் சிப்பாய் அல்ல. முற்றுகைக்குள் அகப்பட்ட நகரத்தில், உடைந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கும் பொதுமக்கள். 1992 முதல் 1996 வரை நீடித்த சரஜேவோ முற்றுகையின் தாக்கம் அதில் உண்டு. ஒருவர் சமையற்காரர், ஒருவர் உதைபந்தாட்ட வீரர், ஒருவர் ஊடகவியலாளர்.

இரவில் உணவு தேடிப் போகலாம். வழியில் ஒரு வயோதிபத் தம்பதியின் வீடு இருக்கிறது. அவர்களால் எதிர்க்கமுடியாது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால், மறுநாள் அந்தச் செயல் வீட்டுக்குள் இருக்கும். எடுத்தவர் கவலையில் தளர்வார். வீட்டிலிருக்கும் மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாக அதைப் பேசுவார்கள். யாராவது ஆறுதல் சொன்னால் தேறக்கூடும். தேறாமல் முற்றாக உடைந்தவர் நம் கட்டளையைக் கேட்கமாட்டார். வீட்டைவிட்டே போய்விடவும் கூடும். 2020இல் போலந்து அரசு இந்தக் கேமை உயர்தரப் பாடசாலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

இங்கே பாத்திரத்தை நம்பவைப்பது உடல் அசைவின் நுணுக்கமல்ல. நடந்தது அவருக்குள் மிஞ்சியிருப்பதுதான். ஆனாலும் இதற்கும் எல்லை உண்டு. உணவும் ஓய்வும் கிடைத்தால், சில நாட்களில் கவலை இறங்கிவிடும். காணாமல்போனவரைத் தேடி ஆண்டுக்கணக்காக அலையும் தாய்மாரைக் கண்ட நமக்கு அந்த வேகம் பொருந்தாது.

பொதுமக்களை மொக்கையாக வைத்திருப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல என்றே நினைக்கிறேன். ஒரு சத்தத்தைக் கேட்டதும் ஒருவர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்பதை எழுத நாற்பது ஆண்டுக்கு முந்தைய விதிகளே போதும். எமது இளையோரில் சிலர் இன்று கேம் உருவாக்கப் பழகுகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான்கு கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ளலாம்: இவருக்கு இப்போது என்ன தேவை? யாரை விட்டுவிட்டு இவரால் ஓடமுடியாது? நேற்று இவர் எதைக் கண்டார்? அதனால் இன்று எந்தத் தெருவால் போகமாட்டார்?

நான்காவது கேள்விக்கான பதிலை எந்தக் கணினியைவிடவும் எமது வீடுகளில் இருக்கும் பெரியவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.