ஸ்பானிஷ் வகுப்பு கேட்ட இருபது பெண்கள்

மெக்சிகோ வாடிக்கையாளர் ஒருவர் வந்த புண்ணியத்தில், இங்கே புனேயில் எங்கள் அலுவலகத்தில் ஸ்பானிஷ் ஆரம்ப வகுப்பு வைத்தார்கள். முதல் நாள் 'கோமோ எஸ்தா' (எப்படி இருக்கிறீர்கள்) என்று சொல்லிக்கொடுத்தபோது எனக்கு மெக்சிகோ ஞாபகம் வரவில்லை, பிலிப்பைன்ஸ்தான் ஞாபகம் வந்தது. முன்பு மணிலா டீமோடு தினமும் ஃபோனில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் 'குமுஸ்தா' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதே 'கோமோ எஸ்தா'தான், கொஞ்சம் உருண்டு தேய்ந்து போனது. அவர்களுடைய தகலோக் மொழியில் ஜன்னல் 'பிந்தானா', ஸ்பூன் 'குட்சாரா', திங்கட்கிழமை 'லூனெஸ்'. எல்லாம் ஸ்பானிஷ். மேசைக்கு 'மேசா'. (நம்முடைய மேசை போர்ச்சுகீசியர் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பேருக்கும் பக்கத்து வீட்டுக் கடன்!)

இத்தனை சொற்கள் இருந்தும் அங்கே ஸ்பானிஷில் நாலு வாக்கியம் பேசக்கூடியவர் அபூர்வம். 1565-லிருந்து 1898 வரை, 333 வருஷம் ஸ்பெயின் ஆண்ட நாடு. பெருவிலும் கொலம்பியாவிலும் ஊரெல்லாம் ஸ்பானிஷ் பேசும்போது இவர்கள் மட்டும் ஏன் தப்பித்தார்கள்? அப்படித்தான் நானும் நினைத்தேன், 'தப்பித்தார்கள்' என்று. தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்? 1938, 1965 கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆளுகிறவன் தன் மொழியைத் திணிப்பான், ஆளப்படுகிறவன் எதிர்ப்பான், அதுதான் கணக்கு. பிலிப்பைன்ஸில் கணக்கு தலைகீழ். அங்கே ஜனங்கள் கற்றுக்கொடு என்று கேட்டார்கள், ஆண்டவர்கள் மாட்டேன் என்றார்கள்.

ஸ்பெயின் ராஜாக்களைக் குறை சொல்ல முடியாது. குடியேற்ற நாட்டு மக்களுக்குக் காஸ்டிலிய மொழி (ஸ்பானிஷுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்) சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஐந்தாம் சார்லஸ் 1550-லேயே கட்டளை போட்டார். 1770-ல் மூன்றாம் சார்லஸ் வந்து மறுபடி போட்டார். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றாலே அது எந்த லட்சணத்தில் நடந்தது என்று புரிந்துகொள்ளலாம். மணிலாவோ உலகத்தின் அந்தக் கோடியில் இருந்தது. 1821 வரை மெக்சிகோ வழியாகத்தான் நிர்வாகம், அகபுல்கோவிலிருந்து பசிபிக்கைத் தாண்டி வருகிற கப்பல்தான் நெடுங்காலம் முக்கியத் தொடர்பு. குடியேறின ஸ்பானியர் மிகக் குறைவு. பெரும்பாலான கிராமங்களில் இருந்த ஒரே வெள்ளைக்காரர் பங்குப் பாதிரியார்தான்.

அந்தப் பாதிரியார்கள் ஊர் மொழியைத் தாங்கள் கற்றுக்கொண்டார்கள். மக்களின் மொழியில் சொன்னால்தான் வேதம் மனசுக்குள் இறங்கும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். நம் பக்கத்திலும் அதேதான் நடந்தது. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் தமிழ் கற்று, 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். மணிலாவில் 1593-ல் தகலோக்கில் அதே மாதிரி ஒரு ஞானோபதேசப் புத்தகம் வந்தது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிராமத்தானுக்கு ஸ்பானிஷ் தெரியாது, கவர்னருக்குத் தகலோக் தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்தவர் ஒரே ஒருவர். மனு எழுத, வரி பற்றிக் கேட்க, நிலத் தகராறு சொல்ல, எல்லாவற்றுக்கும் பாதிரியார் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும். அந்த இடத்தை யார் சும்மா விட்டுக்கொடுப்பார்கள்?

இதற்கு நடுவில் ஒரு ஆச்சரியம். 1610-ல் பாத்தான் என்ற பகுதியில் தோமாஸ் பின்பின் என்கிற தகலோக் அச்சுத் தொழிலாளி, தன் மக்களுக்காக, தகலோக் மொழியிலேயே, ஸ்பானிஷ் கற்க ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். 'முப்பது நாளில் இந்தி' வகையறாவுக்கு முப்பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாடல்கள்கூட உண்டு. தகலோக்கில் ஒரு வரி, அதே அர்த்தத்தில் ஸ்பானிஷில் அடுத்த வரி, பாடிப் பாடி மனசில் ஏற்றிக்கொள்ள. ஸ்பானியரைப் பார்த்து உடுத்துகிறீர்களே, அவர்கள் பேச்சையும் கற்றுக்கொள்ள வேண்டாமா என்ற தோரணையில் முன்னுரை வேறு. அதே வருஷம், ஸ்பானியப் பாதிரிகள் தகலோக் கற்பதற்கான இலக்கணப் புத்தகத்தை அச்சுக் கோத்தவரும் இவர்தான். அடுத்தவன் நம் மொழியைப் படிக்கப் புத்தகம் போடும்போது, நாம் ஏன் அவன் மொழியைப் படிக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

பெரிய மாற்றம் வந்தது 1863-ல். ஊருக்கு ஊர் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று ஆரம்பப் பள்ளி, பாடமெல்லாம் ஸ்பானிஷில், ஆசிரியர்களைத் தயார் செய்ய மணிலாவில் ஒரு பயிற்சிப் பள்ளி என்று அரசாணை வந்தது. காகிதத்தில் எல்லாம் பிரமாதம். ஆனால் பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்க்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? அதே பங்குப் பாதிரியாரிடம்!

அந்த வகுப்பறை எப்படி இருந்தது என்பதற்கு ஹோசே ரிசால் 1887-ல் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே' நாவலில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. கட்டடம் இல்லாமல், பாதிரியார் வீட்டின் கீழே அவருடைய வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வகுப்பு. ஆசிரியர் ஒரு நல்ல மனுஷன். அர்த்தம் தெரியாமல் ஸ்பானிஷ் புத்தகத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு, இலக்கண விதிகளை ஒதுக்கிவிட்டு, சின்னச் சின்னச் சொற்களும் வாக்கியங்களுமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறார். பிள்ளைகளுக்குப் புரிய ஆரம்பிக்கிறது. உடனே தமாசோ பாதிரியார் கூப்பிட்டு அனுப்புகிறார். ஆசிரியர் ஸ்பானிஷில் வணக்கம் சொல்ல, பாதிரியார் தகலோக்கில் பதில் சொல்கிறார், இரவல் சட்டை உனக்கெதற்கு, உன் பாஷையோடு நின்றுகொள் என்று. நாவல்தான் என்றாலும், அதைப் படித்து அங்கே யாருக்கும் ஆச்சரியம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. கோபம்தான் ஏற்பட்டது, இரண்டு பக்கமும்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் தலைப்பில் சொன்ன சம்பவம். மணிலாவுக்கு வடக்கே புலாகான் மாகாணத்தில் மலோலோஸ் என்ற ஊர். 1888 டிசம்பர் 12-ம் தேதி கவர்னர் ஜெனரல் வலேரியானோ வெய்லர் அங்கே வந்தார். (பிற்பாடு கியூபாவில் மக்களை முகாம்களில் அடைத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டாரே, அதே வெய்லர்.) ஊரின் வசதியான சீன-மெஸ்தீசோ குடும்பங்களைச் சேர்ந்த இருபது பெண்கள் அவர் முன்னால் வந்து நின்று ஒரு மனுவை நீட்டினார்கள். அல்பெர்த்தா உய்தாங்கோய் என்பவர் கையால் கொடுத்தார். மனுவில் இருந்தது இவ்வளவுதான்: நாங்கள் ஸ்பானிஷ் கற்க ஆசைப்படுகிறோம். பகலில் வீட்டு வேலை இருப்பதால் ராத்திரிப் பள்ளி வேண்டும். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டில், அம்மாக்கள் துணையோடு, எங்கள் செலவிலேயே படித்துக்கொள்கிறோம். அனுமதி மட்டும் போதும்.

அரசாங்கத்திடம் காசு கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. ஆட்சியாளரின் மொழியை மதித்துப் படிக்கிறோம் என்கிறார்கள். இதற்கு மேல் பவ்வியமான கோரிக்கை இருக்க முடியுமா? ஆனால் ஊர்ப் பாதிரியார் ஃபெலிப்பே கார்சியா எதிர்த்தார், மனு மறுக்கப்பட்டது. மனு எழுத உதவியதும், ஆசிரியராக வர இருந்ததும் தியோடோரோ சாந்திகோ என்ற சீர்திருத்தக்காரர். பாதிரிகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ராத்திரி நேரம், அரசியல் பேசுகிற வாத்தியார், படிக்கத் தெரிந்த பெண்கள்... பயப்படாமல் என்ன செய்வார்கள்!

பெண்கள் விடவில்லை. மணிலாவுக்கு நடையாய் நடந்தார்கள். 1889 பிப்ரவரியில் ஒருவழியாக அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. ராத்திரி கூடாது, பகலில்தான். சாந்திகோ கூடாது, ஆசிரியை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். செலவு உங்களுடையது. குவாதலூபே ரேயஸ் என்பவரை ஆசிரியையாக வைத்து வகுப்பு நடந்தது. சுமார் மூன்று மாதம். அப்புறம் மூடிவிட்டார்கள். மூன்று மாதத்தில் என்ன ஸ்பானிஷ் வந்திருக்கும்? என் அனுபவத்தில் 'செர்', 'எஸ்தார்' வித்தியாசம் புரியவே மூன்று மாதம் ஆகிறது :-)

அந்தப் பிப்ரவரியிலேயே, லண்டனில் இருந்த ரிசால் இந்தப் பெண்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எழுதச் சொன்னவர் அதே புலாகான்காரரான மார்செலோ டெல் பிலார். வேடிக்கை என்னவென்றால் ஸ்பானிஷில் நாவல் எழுதும் ரிசால், ஸ்பானிஷ் கேட்டுப் போராடிய பெண்களுக்கு எழுதியது தகலோக்கில். கடிதத்தில் ஸ்பானிஷ் பாடம் பற்றி அதிகம் பேசவும் இல்லை. பாதிரி சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள், சொந்தமாக யோசியுங்கள், பிள்ளைகளைத் தலைகுனியாமல் வளருங்கள் என்பதுதான் சாரம். வகுப்பறையில் 'அ, ஆ' கற்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பாதிரிகள் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

பத்து வருஷம் கழித்து, 1899 ஜனவரியில், பிலிப்பைன்ஸ் முதல் குடியரசின் அரசியல் சட்டம் அதே மலோலோஸில், பாரசோயின் தேவாலயத்தில் கூடிய காங்கிரசின் கையால் உருவாகி அமலுக்கு வந்தது. அதை எழுதிய மொழி ஸ்பானிஷ். ஸ்பெயினைத் துரத்திவிட்ட பிறகு!

அமெரிக்கர்கள் வந்தார்கள். 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் ஐந்நூறு ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். பாடமொழி ஆங்கிலம். மறுப்பு, நிபந்தனை ஒன்றும் கிடையாது, வா உட்கார் படி என்றார்கள். நாற்பது வருஷத்துக்குள், 333 வருஷ ஸ்பானிஷை ஆங்கிலம் பல மடங்கு தாண்டிவிட்டது. இதில் அமெரிக்கர்களின் நல்ல மனசைப் பாராட்ட நான் தயாரில்லை, அவர்கள் கணக்கு வேறு.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1952-ல் கல்லூரிகளில் ஸ்பானிஷைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் வந்தது. 1957-ல் சட்டம், வணிகம் போன்ற படிப்புகளுக்கு அதை 24 யூனிட்டாக உயர்த்தினார்கள். எந்த மொழிக்காக அந்த இருபது பெண்கள் மனு கொடுத்தார்களோ, அதே மொழியை மாணவர்கள் வெறுத்தார்கள், எதிர்த்தார்கள், பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்தார்கள். 1987 அரசியல் சட்டம் அதை விருப்பப்பட்டவர்கள் படிக்கலாம் என்று தளர்த்தியது, கட்டாயம் போனது. ரிசாலின் நாவல்களைப் பள்ளியில் கட்டாயமாகப் படிக்கும் பிள்ளைகள், அவர் எழுதிய மொழியில் படிப்பதில்லை, மொழிபெயர்ப்பில்தான்.

2009-லிருந்து சில அரசுப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக ஸ்பானிஷ் திரும்ப வந்திருக்கிறது. மணிலாவின் கால் சென்டர்களில் ஸ்பானிஷ் தெரிந்தவருக்குச் சம்பளம் கூடுதல். அதனால் மாலை நேரத்தில் காசு கட்டி ஆரம்ப வகுப்பில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்களும் கிழமைகளும் பாதிச் சாமான்களும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், வினைச்சொல்லில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.