அலமாரி ஒலிபெருக்கியும் ஆம்ப்ளிஃபயரும்: பொருத்தத்தின் வரலாறு

அலமாரி ஒலிபெருக்கி என்பது புத்தகத் தட்டிலோ சிறிய தாங்கியிலோ வைக்கத்தக்க அளவுள்ள பெட்டி ஒலிபெருக்கி ஆகும். வீட்டு ஸ்டீரியோவில் இடம், வலம் என இரண்டு பெட்டிகள் இருக்கும். இவற்றை வாங்குவோர் பலர் பெட்டியில் அச்சிட்டுள்ள 'வாட்' எண்ணை மட்டுமே பார்க்கின்றனர். அந்த எண் ஒலிபெருக்கி எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது; எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் குறிப்பதில்லை. ஆம்ப்ளிஃபயருடன் பொருந்துமா என்பதை உணர்திறன், மின்னெதிர்ப்பு என்னும் வேறு இரண்டு எண்களே பெரிதும் முடிவு செய்கின்றன. ஒலிபெருக்கி படிப்படியாகச் சிறுத்து வந்த வரலாறு இதற்கான காரணத்தை விளக்குகிறது.

தோல் விளிம்பு

1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை வெளியிட்டனர். காந்தப் புலத்தில் அசையும் கம்பிச் சுருள் ஒன்று காகிதக் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுகிறது. இதன் வழியே ஆர்.சி.ஏ. விற்ற 'ரேடியோலா 104' கருவியில் ஒலிபெருக்கியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஆகவே பொருத்தம் பார்க்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது.

கூம்பின் ஓரத்தைச் சட்டத்துடன் இணைக்க நெகிழ்வான ஒரு விளிம்பு வேண்டும். 1920, 1930-களின் ஒலிபெருக்கிகள் பலவற்றில் அது மெல்லிய, மென்மையான தோலால் ஆனது. பாலாற்றை ஒட்டிய வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வட்டாரத்தில் இதன் காரணம் எளிதில் புரியும். பதனிட்ட தோலுக்கு எண்ணெய்க் கலவை ஏற்றுவது, அதன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்காமல் இருப்பதற்காகவே. ஒலிபெருக்கியின் தோல் விளிம்பு காலப்போக்கில் காய்ந்து விறைத்தால் கூம்பு தாராளமாக அசையாது. தாழ்ந்த ஒலிகள் குறைந்துவிடும். பிற்காலத்தில் தோலின் இடத்தைத் துணி, ரப்பர், நுரைப்பொருள் ஆகியவை பிடித்தன.

கூம்புக் குழாயின் காலம்

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முதலில் அறிந்த ஒலிபெருக்கி வீட்டில் இருந்ததன்று. திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் பொதுக்கூட்டத்திலும் ஒலித்த 'மைக் செட்' ஆகும். 1940-இல் தொடங்கிய டெல்லியின் அகுஜா நிறுவனம் இத்துறையில் நாடறிந்த பெயர். கூம்புக் குழாய் ஒலிபெருக்கி குறைந்த மின்திறனையும் மிகுந்த ஒலியாக மாற்றும். ஆனால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தராது. இங்கே எந்த முனையில் எதை இணைப்பது என்பதை மைக் செட்காரர் அறிந்திருந்தார். வீட்டில் ரேடியோகிராம் வைத்திருந்தவர்களுக்கோ அந்தக் கவலையே இல்லை. ரேடியோ, இசைத்தட்டுச் சுழலி, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி அனைத்தும் ஒரே மரப்பெட்டியில் வந்தன.

பெட்டி சிறுத்தது

1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸ் ஆகியோர் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். வில்ச்சர் கூம்பின் விளிம்பை மிகவும் தளர்வாக அமைத்து, காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்சுருள் போல வேலை செய்ய வைத்தார். இதனால் அலமாரியில் வைக்கும் பெட்டியிலும் ஆழ்ந்த தாழ்வொலி கிடைத்தது. அதற்கான விலை, அதிக மின்திறன் தேவைப்பட்டதுதான்.

க்ளாஸின் பிற்காலக் கூட்டாளியான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்வொலி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே ஒருசேரப் பெறலாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் இவ்வுறவைக் கணிதமாக வடித்தனர். 1970-களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மிகச் சிறிய பெட்டி, தெளிவான குரல். உணர்திறனோ சுமார் 83 டெசிபல் மட்டுமே.

இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் கொல்கத்தாவின் சோனோடைன், மும்பையின் காஸ்மிக் போன்ற நிறுவனங்கள் ஸ்டீரியோ கருவிகளைத் தயாரித்தன. ஆம்ப்ளிஃபயரையும் ஒலிபெருக்கியையும் தனித்தனியே வாங்கும் வழக்கம் பரவியபோது, தொழிற்சாலையும் மைக் செட்காரரும் பார்த்துவந்த பொருத்தம் வாங்குபவரின் பொறுப்பாயிற்று.

பொருத்தம் பார்க்கும் கணக்கு

உணர்திறன்: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலியளவு இது. ஒலி 3 டெசிபல் கூட மின்திறன் இரு மடங்காக வேண்டும். 10 டெசிபல் கூடப் பத்து மடங்காக வேண்டும். 105 டெசிபல் தரும் கூம்புக் குழாய் 1 வாட்டில் எழுப்பும் ஒலியை 85 டெசிபல் அலமாரி ஒலிபெருக்கி எழுப்ப 100 வாட் தேவை. சிறிய பெட்டிக்குச் சிறிய ஆம்ப்ளிஃபயர் போதும் என்ற எண்ணம் இங்கேதான் தவறுகிறது. எனினும் 10-க்கு 12 அடி அறைக்கு 85 டெசிபலே உரத்த ஒலி. 20 வாட் ஆம்ப்ளிஃபயர் அதே ஒலிபெருக்கியில் 98 டெசிபல் வரை தரும். மேளத்தின் திடீர் அடிகளுக்கு அந்த மிச்சம் உதவும்.

மின்னெதிர்ப்பு: இது ஓம் அலகில் குறிக்கப்படும். 8 ஓம் ஒலிபெருக்கியைவிட 4 ஓம் ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டை ஒரே முனையில் பக்க இணைப்பில் சேர்த்தாலும் 4 ஓம்தான். '8 முதல் 16 ஓம்' என்று குறித்த ஆம்ப்ளிஃபயருக்கு இது அளவுக்கு மீறிய சுமை. அது சூடேறிப் பழுதாகலாம்.

மைக் செட் ஆம்ப்ளிஃபயரை வீட்டில் பயன்படுத்துவோர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். அதன் பின்புறம் 4, 8, 16 ஓம் முனைகளுடன் 70, 100 வோல்ட் முனைகளும் இருப்பதுண்டு. அவை நீண்ட கம்பியில், மின்மாற்றி பொருத்திய பல குழாய்களை இணைப்பதற்கானவை. 8 ஓம் வீட்டு ஒலிபெருக்கியை 100 வோல்ட் முனையில் இணைத்தால், முழு ஒலியில் கணக்குப்படி 1250 வாட் கேட்கும். இரண்டுமே கெட்டுவிடக்கூடும்.

திறன் குறைந்த ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் திருகுவதும் ஆபத்தானதே. அப்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, உயர் அதிர்வெண் ஆற்றல் கூடி, மெல்லிய ட்வீட்டர் சுருள் எரிந்துபோகலாம். ஒலி கரகரத்தால் உடனே குறைப்பது நல்லது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை வாட்' என்பதன்று. 'எத்தனை ஓம், எத்தனை டெசிபல்' என்பதே.