ஜார்ஜ் டவுன், பினாங்கு: முற்றத்து வீடுகளும் வாடகைச் சட்டமும்

மலேசியாவின் பினாங்குத் தீவில் வடகிழக்கு முனையில் இருக்கும் பழைய துறைமுக நகரம் ஜார்ஜ் டவுன். சீனக் குலச் சந்துகள், முற்றம் வைத்த கடைவீடுகள், தமிழ் முஸ்லிம் பள்ளிவாசல்கள், மாரியம்மன் கோயில், செட்டியார் கிட்டங்கிகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பகுதியை, மலாக்கா நகரோடு சேர்த்து யுனெஸ்கோ 2008 ஜூலை 7 அன்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. காக்கப்படும் மையப் பகுதியின் பரப்பு 109.38 ஹெக்டேர். அதற்குள் 1,700க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் உள்ளன. பயணக் கையேடுகள் இவற்றைக் கட்டடக் கலையின் வெற்றியாகவே விவரிக்கின்றன. ஆனால் இவ்வளவு பழைய வீடுகள் இடிபடாமல் 2008 வரை எப்படி வந்தன என்று கேட்டால், விடை கொத்தனாரிடமும் இல்லை, யுனெஸ்கோவிடமும் இல்லை. ஏழைக் குடித்தனக்காரர்களுக்காக எழுதப்பட்ட ஒரு வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் வரலாற்றை அந்தச் சட்டத்தை நடுவில் வைத்துப் படிப்பதே சரி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் தீவைக் கைப்பற்றி, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை நகருக்கு வைத்தார். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்ற நான்கும் சேர்ந்த கட்டமே தொடக்க கால ஊர். இந்த நான்கில் ஒன்றின் பெயர் தமிழரைக் குறிப்பதைக் கவனிக்க வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்களையும் கப்பலாட்களையும் அன்று சூலியர் என்றார்கள். அவர்களுடைய தலைவர் காதர் முகைதீன் 1801இல் எழுப்பிய பள்ளிவாசல்தான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பிட் தெரு இன்று அதன் பெயரையே தாங்குகிறது. நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா சூலியா தெருவில் இருக்கிறது. குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. சீனர்களின் கருணைத் தேவி கோயில் 1800ஐ ஒட்டியது. புனித ஜார்ஜ் தேவாலயமும் அருகில்தான். இந்த ஐந்து வழிபாட்டு இடங்களையும் சில நிமிட நடையில் பார்த்துவிடலாம். மலாய் மொழியில் கடை 'கெடாய்' ஆனதும், குளம் 'கோலம்' ஆனதும் இப்படிப்பட்ட தெருக்கள் வழியாகத்தான். பள்ளிவாசலை ஒட்டிய தெருவுக்கு இன்றும் கம்போங் கோலம் என்றே பெயர்; அதைப் படிக்கும் தமிழர் வாசல் கோலத்தை நினைத்துக்கொண்டால் அது அவருடைய குற்றமில்லை.

சீனர்கள் கொண்டுவந்தது இன்னொரு வகை வீடு. தெருவைப் பார்த்த முகப்பு மிகக் குறுகல், ஆழம் மிக நீளம். முன்னால் கடை, பின்னாலும் மாடியிலும் குடியிருப்பு. ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் ஐந்தடி அகல நடைபாதை, மேலே மாடி கூரை போட்டது போல நிற்கும். ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கிய இந்த அமைப்பு மலாய்த் தீபகற்பம் முழுவதும் பரவியது. அங்குள்ள தமிழர் அதை 'அஞ்சடி' என்பார்கள். வீட்டின் நடுவில் கூரையைத் திறந்து விட்ட முற்றம். சீன மொழியில் அதற்கு வானக் கிணறு என்று பொருள்படும் பெயர். நான்கு புறக் கூரையும் உள்நோக்கிச் சரிவதால் மழை முழுவதும் கருங்கல் பாவிய பள்ளத் தரையில் விழுந்து, ஓரத்து வடிகால் வழியே போகும். வீட்டுக்குள் விழும் நீர் வீட்டுக்குள் சேரும் செல்வம் என்பது அவர்கள் கணக்கு. வெயில் நேரத்தில் சூடான காற்று அந்தத் திறப்பு வழியாக மேலே ஏறிவிட, அஞ்சடிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். செட்டிநாட்டு வளவிலோ தஞ்சை அக்கிரகாரத்திலோ முற்றத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பழகியவருக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. தெருவோரத்துத் திண்ணைக்குப் பதில் அஞ்சடி என்பதுதான் வேறுபாடு.

இந்தச் சந்துகளின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள கூ கோங்சியைப் பார்த்தால் போதும். கோங்சி என்பது ஒரே குலப்பெயர் கொண்டவர்களின் கூட்டு அமைப்பு. கோயில், வாடகை வீடுகள், பள்ளிக்கூடம், ஈமச் சடங்கு எல்லாம் அதன் பொறுப்பு. கூ, சியா, இயோ, லிம், டான் என்ற ஐந்து ஹொக்கியன் குலங்கள் ஆர்மீனியன் தெருவையும் பீச் தெருவையும் சுற்றி நிலம் வாங்கி, தெருமுகம் முழுவதும் வீடுகளை வரிசையாகக் கட்டி, நடுவில் கோயிலை ஒளித்து வைத்தன. குறுகிய வழிகள் சிலவற்றால்தான் உள்ளே நுழைய முடியும். இதை அழகுணர்ச்சி என்று எழுதுகிறவர்கள் 1867 ஆகஸ்டை மறந்துவிடுகிறார்கள். அந்த மாதம் சீன இரகசியச் சங்கங்களும் அவற்றோடு கைகோத்த மலாய், இந்திய முஸ்லிம் கொடிச் சங்கங்களும் இரு அணியாகப் பிரிந்து ஏறக்குறைய பத்து நாள் தெருச்சண்டை போட்டன. சந்தின் வளைவு அரணாகவும் பயன்பட்டது. கூ குலத்தார் புதிதாகக் கட்டிய கோயில் 1901இல் எரிந்துபோனது. அரண்மனைக்கு இணையாகக் கட்டியதால் தெய்வக் குற்றம் என்று சொல்லி, அளவைக் குறைத்து 1906இல் மறுபடி கட்டி முடித்தார்கள். பெருஞ்செல்வர் சியோங் ஃபாட் சே லீத் தெருவில் எழுப்பிய 38 அறை, 5 முற்றம் கொண்ட மாளிகையின் நீலம் இந்தியாவிலிருந்து போன அவுரிச் சாயம், சுண்ணாம்பில் கலந்து பூசியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த வீடுகளின் கதை மாறியது. வணிகர் குடும்பங்கள் புறநகர்ப் பங்களாக்களுக்குப் போக, கடைவீடுகள் பலகைத் தடுப்பு வைத்த அறைகளாகப் பிரிந்தன. ஒரே சமையற்கட்டு, ஒரே கழிப்பறை, அறைக்கு ஒரு குடும்பம். சென்னைத் தமிழில் இதற்கு ஒண்டுக்குடித்தனம் என்ற துல்லியமான சொல் இருக்கிறது. மலேசிய அரசின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உறையவைத்து, குடித்தனக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்தது. பாரம்பரியம் என்ற சொல் அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் விளைவு அதுதான்: குடித்தனக்காரரை எழுப்ப முடியாத வீட்டை இடிக்கவும் முடியாது. 1969இல் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்து வணிகம் படுத்ததும் இதற்குத் துணை சேர்ந்தது. சட்டத்தின் பிடி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம். அரசே நிலத்தை எடுத்துக்கொண்டதால் வாடகைச் சட்டம் குறுக்கே நிற்காத இடத்தில், பழைய தெருக்கள் பலவற்றைத் துடைத்துவிட்டு 1986இல் 65 மாடி கொம்தார் கோபுரம் எழுந்தது. நகரின் எந்தச் சந்திலிருந்து அண்ணாந்தாலும் அது தெரியும்.

சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் வாடகை திறந்துவிடப்பட்டது. பல மடங்கு உயர்ந்த வாடகையைத் தட்டுமுட்டுச் சாமான் கடைக்காரரும், ஊதுபத்தி செய்பவரும், பாய் முடைபவரும், அறைக்குடித்தன முதியவர்களும் கொடுக்க முடியவில்லை. வெளியேறினார்கள். காலியான வீட்டுக்கு அடுத்து வந்தது மனிதர் இல்லை, உழவாரன் குருவி. அதன் எச்சிற் கூட்டுக்குச் சீனச் சமையலில் தங்க விலை. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சிறு துளைகள் மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை நாள் முழுக்க ஓடவிட்டு, ஈரத்துக்காக உள்ளே தண்ணீர் தேக்கினார்கள். நூறாண்டுச் சுண்ணாம்புச் சுவரும் மரத்தளமும் அந்த ஈரத்தில் ஊறி உளுத்தன. முகப்பு மட்டும் பழையபடி நின்றது. பட்டியலில் ஏறிய பிறகு 2013 முடிவுக்குள் குருவிப் பண்ணைகள் வெளியேற வேண்டும் என்று மாநில அரசு உத்தரவிட்டது. அதற்கடுத்த குடியேற்றம் விடுதிகளும் காப்பிக் கடைகளும். 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் வரைந்த, நிஜ மிதிவண்டியில் ஏறிய இரு குழந்தைகள் ஓவியத்தின் முன் இன்று வரிசை நிற்கிறது. 2009இல் மையப் பகுதியில் ஏறத்தாழ பத்தாயிரமாக இருந்த குடியிருப்போர் தொகை அடுத்த சில ஆண்டுகளிலேயே அதற்குக் கீழே இறங்கியது. வீடுகளைக் காத்த சட்டத்தின் பிடி முழுவதும் விட்டு எட்டு ஆண்டுக்குப் பிறகு யுனெஸ்கோ பட்டயம் வந்தது என்ற கால வரிசையை நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்த ஓவியத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை லேசானவை அல்ல. வாடகை உறைந்துபோனதால்தான் வீட்டுக்காரர் ஓடு மாற்றவில்லை, கூரை ஒழுகியது, பல வீடுகள் தாமாகவே சரிந்தன என்பது முதலாவது. உண்மை. மாத வாடகையில் ஒரு கொத்தனாரின் கூலியே வராத நிலையில் எவரும் பழுது பார்க்கமாட்டார். ஆனால் இது சட்டத்தைத் திருத்துவதற்கான காரணம். முழுவதுமாக எடுத்துவிடுவதற்கு இல்லை. படிப்படியாக வாடகையை உயர்த்தி, பழுதுபார்ப்புக்கு அரசு மானியம் கொடுத்து, இருப்பவரை இருத்திக்கொள்ளும் வழி இருந்தது. மானியங்கள் பின்னால் வந்தன, ஆட்கள் போன பிறகு. இரண்டாவது, சுற்றுலாப் பணம் இல்லாவிட்டால் சியோங் ஃபாட் சேயின் நீல மாளிகைகூட நின்றிருக்காது என்பது. அந்த மாளிகையைப் பொறுத்தவரை இதை மறுக்க முடியாது. குடித்தனங்கள் நெருக்கிச் சிதைந்து கிடந்த அதைப் பாரம்பரிய ஆர்வலர்கள் வாங்கிச் சீரமைத்து, 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் பெற்றார்கள். விடுதியாக நடத்தித்தான் அதைக் காக்க முடிகிறது. ஆனால் மாளிகை ஒன்று, கடைவீடுகள் ஆயிரம். மாளிகைக்குப் பொருந்தும் வழியைத் தெருவுக்கு நீட்டினால் தெருவே விடுதியாகிவிடும். சீனாவின் லீஜியாங் பழைய நகரில் இது நடந்து முடிந்துவிட்டது: 1997இல் பட்டியலில் ஏறிய பிறகு நாசி இன மக்களில் பெரும்பாலோர் வீடுகளை வெளியூர் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புதுநகருக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது மறுப்பே கடினமானது. லிஃப்டும் குழாய்த் தண்ணீரும் உள்ள அடுக்குமாடிக்குப் போக விரும்புகிறவரை, பிறர் பார்த்து ரசிப்பதற்காக ஒண்டுக்குடித்தனத்தில் இரு என்று சொல்ல யாருக்கு உரிமை? யாருக்கும் இல்லை. சென்னைக்கு மேற்கே காட்டுப்பாக்கம், பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களில் தோட்டமும் தொழுவமுமாக இருந்த இடங்கள் மனைகளாகி அடுக்குமாடிகளாக உயர்ந்ததை அங்கு குடியேறியவர் எவரும் இழப்பாகக் கணக்கிடுவதில்லை; சொந்த வீடு என்ற கனவு அது. ஆனால் தானாகப் போவதும், வாடகை ஏறிய மாதத்தில் சாமான் தெருவில் இறங்குவதும் வேறு வேறு. போனவர்களில் தொழிலும் குடியிருப்பும் ஒரே கூரைக்குள் வைத்திருந்தவர்களுக்கு அடுக்குமாடியின் எட்டாவது தளம் பிழைப்பைத் தராது. ஊதுபத்தியை வெயிலில் காயப்போட அஞ்சடி வேண்டும்.

தமிழ்நாட்டில் இதே கணக்கை வேறு திசையிலிருந்து சரிபார்க்கலாம். பினாங்கிலும் பர்மாவிலும் ஈட்டிய பணத்தில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளுக்கு வாடகைச் சிக்கல் இல்லை. ஒரே வீட்டில் பங்காளிகள் பலர் என்ற சிக்கல் உண்டு. பங்கு பிரிக்க முடியாத வீடு பூட்டிக் கிடக்கிறது, பிரிக்கத் துணிந்த வீடு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணாகவும் கதவாகவும் தனித்தனியே விலைபோகிறது. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவில், இடிபட இருந்த செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்து எடுத்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சென்னை வாசகருக்கு முற்றத்து வீட்டின் உள்ளே நடந்து பார்க்க அதுவே பக்கம், பார்க்கத் தகுந்ததும்கூட. ஆனால் அது அருங்காட்சியகம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறது. தெரு என்று சொல்லிக்கொள்ளும் அருங்காட்சியகம்தான் ஏமாற்று.

பினாங்கில் உயிர் மிச்சமிருக்கும் இடங்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: நிலம் தனியாரிடம் இல்லாமல் ஒரு கூட்டத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. கோங்சி, வக்ஃபு, கோயில் அறக்கட்டளை. கட்டாயம் இல்லாதபோதும் வாடகையை அடக்கி வைக்கவும், தன் ஆட்களை இருத்திக்கொள்ளவும் அவற்றால் முடியும். முடியும் என்பதுதான், எல்லாம் அப்படிச் செய்கின்றன என்று இல்லை. பினாங்குத் தெருவில் நகரத்தார் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி இரதம் அங்கிருந்தே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுகிறது. வழி நெடுகச் சீனர்களும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள். கோயில் வீடு நகரத்தார் பொதுச்சொத்தாக இல்லாமல் யாரோ ஒருவர் பெயரில் இருந்திருந்தால், இன்று அது ஒரு காப்பிக் கடையாக இருந்திருக்கும்.

சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. கறுப்பர் நகரம் என்றிருந்ததற்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டையொட்டி 1911இல் வைத்த பெயர். அங்கும் ஓர் ஆர்மீனியன் தெரு உண்டு, தமிழ் நாக்கில் அது அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. பவளக்காரத் தெருவில், முத்தியாலுப்பேட்டைச் சந்துகளில் முற்றமும் திண்ணையும் வைத்த வீடுகள் கிடங்குகளுக்கு நடுவே இன்னும் சில நிற்கின்றன. அவற்றின் குடித்தனக்காரர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது.