கில்வாவும் காயலும்

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டிய ஃபிரேசர் டவுனில், நோன்பு மாதத்து உணவுக் கடைகளால் பேர்பெற்ற மாஸ்க் ரோடுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் ஒரு வணிகர் கட்டியது. அவர் ஹாஜி சர் இஸ்மாயில் சேட், கச்சி மேமன் என்ற வணிகச் சமூகத்தவர். குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து சான்சிபாருக்கும் மொம்பாசாவுக்கும் கப்பலேறியவர்களில் மேமன்களும் உண்டு. வணிகன் போன இடமெல்லாம் பள்ளிவாசல் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் கில்வா இருக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையையும் காயல் இருக்கும் நம் பாண்டிய நாட்டுக் கரையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

இரண்டு கரைகளுக்கும் காற்றுதான் காலண்டர். வாடைக்காற்றில் அரேபியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனவன், தென்மேற்குக் காற்று எழும்வரை அங்கேயே தங்கியாக வேண்டும். எங்கே தங்குவது? 1331இல் மொகதிசுவுக்குப் போன இப்னு பதூதா இதை அழகாகச் சொல்கிறார். கப்பல் வந்ததும் உள்ளூர் இளைஞர்கள் படகுகளில் மூடிய உணவுத் தட்டுகளோடு போவார்கள். ஆளுக்கொரு வணிகரிடம் தட்டை நீட்டி, ‘இவர் என் விருந்தாளி’ என்பார்கள். அதன்பின் அந்த வணிகர் அந்த வீட்டில்தான் தங்குவார். சரக்கை விற்பதும் வாங்குவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. இப்படித் தங்கிய வீடுகளில் கல்யாண உறவுகளும் முளைத்திருக்கும். 2023இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அக்கரையின் இடைக்கால மக்களுக்குத் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா, ஆசியத் தந்தைவழி பெரும்பாலும் பாரசீகம் என்கிறது.

காயலிலும் வந்தவர்கள் தங்கினார்கள், உறவானார்கள். ஆனால் இங்கே கரையை ஒட்டியே ஓர் அரசன் இருந்தான், அவனுக்குக் குதிரை வேண்டும். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம்; ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானா பணம் தந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இதைவிட நல்ல வியாபாரம் உலகில் உண்டா! ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் காயல் உள்ளிட்ட துறைகளைக் கவனித்ததோடு பாண்டியனின் அமைச்சராகவும் இருந்தார். அமைச்சர் முஸ்லிம், அரசன் சைவன்.

வேறுபாடு இங்கேதான். கில்வாவுக்குப் பக்கத்தில் கரையை அடக்கியாளப் பேரரசு எதுவும் இல்லை. தெற்கே சோஃபாலா வழியாக வந்த தங்கத்தைக் கைக்குள் வைத்திருந்த நகரமே அரசாயிற்று. சுல்தான் தன் பெயரில் நாணயம் அடித்தார். பவளக்கல்லில் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. அங்கே இஸ்லாம் நகரத்தின் அடையாளம். நம் கரையில் அது ஒரு சமூகத்தின் அடையாளமாக நின்றது. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்கள், சிற்ப உருவங்கள் மட்டும் இல்லாத கோயில் மண்டபத் தூண்களே. வணிகம் மதத்தைக் கரைவரை கொண்டுவந்தது; கரையில் அது எந்த உருவெடுக்கும் என்பதை அங்கே ஆட்சி செய்தது யார் என்பதே தீர்மானித்தது என்பேன்.

வீட்டுக்குள் போனால் இரண்டு கரைகளும் மறுபடி ஒன்றாகின்றன. இரண்டும் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டநெறியைப் பின்பற்றுபவை. கென்யக் கரையின் லாமுவில் தகப்பன் மகளுக்கு வீடு தருவான். காயல்பட்டினத்திலும் வீடு மகளுக்குத்தான், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். கடலில் போனவன் எப்போது திரும்புவான் என்று தெரியாத ஊர்களில் இது சமயோசிதமான ஏற்பாடு.

பிறகு இரண்டு கரைகளுக்கும் போர்த்துக்கீசியர் வந்தார்கள்; 1505இல் கில்வாவைச் சூறையாடினார்கள். நம் கரையின் முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவரைக் கத்தோலிக்கராக்கினார்கள். முத்துக்குளிப்பில் பரதவருக்கு முஸ்லிம்களோடு இருந்த போட்டியும் அதற்கு ஒரு காரணம்.

அதற்குப் பிறகும் தமிழ், சுவாஹிலி இரு மொழிகளும் இஸ்லாத்தைத் தம் வசமாக்கின. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிய உமறுப்புலவரின் சீறாப்புராணம் அரபு நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் ஆறுமாக வர்ணிக்கிறது. லாமுவுக்கு அருகே பாத்தே தீவில் 1728இல் ‘உதெண்டி வா தம்புகா’ என்ற சுவாஹிலிக் காப்பியம் அரபு எழுத்தில் பிறந்தது. தமிழையும் அரபு எழுத்தில் எழுதினோம், அதுவே அரபுத்தமிழ். சுவாஹிலிச் சுவடிகளுக்கு தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் தனித் தொகுப்புகள் உண்டு. அரபுத்தமிழைச் சரளமாக வாசிப்பவர்கள் இங்கே அருகிவருகிறார்கள். பாட்டி வீட்டுப் பரணில் அப்படி ஒரு நூல் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடமோ நூலகத்திடமோ காட்டுங்கள்.