பாலிமர் களிமண்: இறுகியதை இளக்குதல்
பெயரில்தான் மண், உள்ளே இருப்பது பிவிசி தூளும் அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற இளக்கியும். 1960களில் ஜெர்மனியில் ‘ஃபிமோ’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. சுடுமண் நகை செய்பவர் பழக்கதோஷத்தில் தண்ணீர் தெளிப்பதுண்டு. பயனில்லை, இதில் நீரே கிடையாது.

காகிதத்தில் சுற்றிவைத்தால் இளக்கியைத் தாள் உறிஞ்சிவிடும், களிமண் உதிரும். அதை மீட்கலாம். கத்தியால் மெல்லியதாகச் சீவி, ஓரிரு சொட்டு பேபி ஆயில் விட்டு, உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, ஓர் இரவு மூடிவைத்து மறுபடி பிசைய வேண்டும். மடித்தால் விரிசல் விடாததே பதம். எண்ணெய் கூடிப் பிசுபிசுத்தால் வெள்ளைத் தாளிடையே அழுத்தினால் போதும்.

ஆனால் சூட்டில் பாதி வெந்தது தேறாது. முழுதாக வேக ஏறத்தாழ 110 முதல் 130 பாகை செல்சியஸ் வேண்டும் என்றாலும், நெடுநாள் வெக்கையே அதைக் கெடுத்துவிடும். கொச்சி இடப்பள்ளியில் ஏப்ரல் வெயிலில் நிறுத்திய காருக்குள் பொட்டலத்தை விட்டுவைக்காதீர்கள்.