மூரும் சோனகரும்



எமது ஓட்டமாவடிப் பிள்ளைகள் பலரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இனம் என்னும் இடத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று இருக்கும். அதனையே ஆங்கிலத்தில் எழுதுங்கால் 'மூர்' என்பர். மாணவன் ஒருவன், "சேர், மூர் என்றால் என்ன?" என்று ஒருநாள் என்னை வினவினான். அவனுக்குக் கூறிய விடையையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

வட ஆபிரிக்காவின் மேற்குப் புறத்தே மௌரித்தானியா என்னும் நாடு பண்டு இருந்தது. அந்நாட்டாரை உரோமர் தம் இலத்தீன் மொழியில் 'மௌரி' என்றனர். 711ஆம் ஆண்டில் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து ஸ்பெயினிற் புகுந்தபின், அச்சொல் ஸ்பானியரிடத்தே 'மோரோ' எனவும் போர்த்துக்கேயரிடத்தே 'மௌரோ' எனவும் வழங்கி, முஸ்லிம் என்னும் பொருளைப் பெற்றது. ஜெர்மானியரோ 'மோர்' என்று கருநிறத்தவரைச் சுட்டினர். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவும் வெனிஸ் நகரத்து மூரே. நாடும் மதமும் நிறமும் இவ்வாறு ஒரு சொல்லுக்குள் கலந்தன.

ஸ்பெயினில் முஸ்லிம்களின் இறுதி அரசாகிய கிரனாடா 1492இல் வீழ்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளே கழிந்த நிலையில், 1505ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் கொழும்பை அடைந்தனர். அங்கே வணிகஞ் செய்த முஸ்லிம்களுக்குத் தம் பழம்பகைவரின் பெயரையே சூட்டினர். பெயரோடு பகையும் தொடர்ந்தது. 1626இல் அவர்கள் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களிற் பலரை எமது மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். பிலிப்பைன்ஸின் தென்பால் வாழும் முஸ்லிம்களையும் ஸ்பானியர் 'மோரோ' என்றே அழைத்தனர். அவர்களோ அப்பெயரைத் தமதாக்கிப் பெருமையுடன் தாங்குகின்றனர்.

இங்கும் அச்சொல் வழக்காடு பொருளாயிற்று. இலங்கை மூர்கள் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ஆய்வுரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனியுறுப்பினர் ஒருவர் நியமனம் பெற்றார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு நூல் வெளியிட்டார். ஒரு பெயருக்கு எத்துணை அரசியற் கனம் உண்டென்பதை இவ்விவாதம் காட்டும்.

'சோனகர்' என்னும் சொல்லின் வரலாறும் இதனை ஒத்ததே. அது 'யவனர்' என்பதன் திரிபு என்பர் அறிஞர். ஐயோனியக் கிரேக்கரை முதலிற் குறித்த அச்சொல், பின்னர் மேற்கிலிருந்து கடல்வழி வந்த அரபியரையும் குறித்தது.

"அப்படியானால் நாம் யார், சேர்?" என்றான் மாணவன்.

"இவ்விரு பெயர்களும் பிறர் எம்மை நோக்கி இட்டவை. இவ்வாவிக் கரையில் வயல் விதைத்தும் மீன் பிடித்தும், தமிழ் பேசியும் தொழுதும் வாழ்ந்தவர்கள் உன் மூதாதையர். பெயரின் வரலாற்றை அறிந்துகொள், பின்னர் அதனைத் தலைநிமிர்ந்து எழுது" என்றேன்.