புளியந்தீவுக் கோட்டையும் 1638ஆம் ஆண்டு உடன்படிக்கையும்

மட்டக்களப்பு நகரின் நடுவிடமான புளியந்தீவிலே வாவியோரமாக ஒரு பழங்கோட்டை உள்ளது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்களைக் கொண்ட இக்கோட்டைக்கு இருபுறம் வாவியும் ஏனைய இருபுறம் அகழியும் அரணாக அமைந்தன. அளவிற் சிறியதாயினும் இலங்கை வரலாற்றில் இது பெறும் இடம் பெரிது.

கண்டி இராச்சியம் வெளியுலகோடு தொடர்புகொள்ளும் வாயில்களாகக் கீழைக்கரைத் துறைகள் விளங்கின. 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டி மன்னனைக் காணச் சென்றார். இவ்வாயில்களை அடைக்கக் கருதிய போர்த்துக்கேயர் 1624இல் திருகோணமலையிலும் 1628இல் புளியந்தீவிலும் கோட்டை அமைத்தனர். எனவே, இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரின் துணையை நாடியமை வியப்பன்று.

1638 மே 18இல் வெஸ்டர்வோல்ட் தலைமையிலான ஒல்லாந்தப் படையும் கண்டிப் படையும் இக்கோட்டையைக் கைப்பற்றின. இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற்கோட்டை இதுவே. ஐந்து நாள்களின் பின் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போர்ச்செலவைக் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்ய மன்னன் இசைந்தான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்றும் கூறப்பட்டது. ஆயின், போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இதற்கு மன்னனின் விருப்பம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அந்நிபந்தனை காணப்படவில்லை.

இவ்வேறுபாட்டை வெறும் எழுத்துப்பிழையாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1640இல் வீழ்ந்த காலிக் கோட்டையை ஒல்லாந்தர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1656இல் கொழும்பு வீழ்ந்தபோதும் அது மன்னனுக்குக் கிடைக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்னும் சிங்களப் பழமொழி இவ்வரசியல் மாற்றத்தைச் சுட்டுவதாகக் கூறுவர். எனினும், மன்னனை வெறும் ஏமாளியாகக் கருதுவதும் தவறு. கடற்படையற்ற ஓர் அரசு, கடல்வலிமை மிக்க பகைவனை வெளியேற்ற வேறொரு கடல்வல்லரசையே நாட வேண்டியிருந்தது. அவனுடைய இக்கட்டு அதுவே.

1660களில் மட்டக்களப்புக்கு மீண்டும் வந்த ஒல்லாந்தர் கோட்டையைத் தம் நிலையமாக்கினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் நெடுங்காலம் அரச அலுவலகங்கள் அதனுள் இயங்கின. கச்சேரி அலுவலுக்காக அவ்வாயிலைக் கடந்த மக்கள் அதன் வரலாற்றை அறிந்திருத்தல் அரிது. கோட்டையின் சுவர்களைப் பேணுவதோடு, அங்கு தொடங்கிய உடன்படிக்கையின் வரலாற்றையும் மாணவர்க்குக் கற்பித்தல் இன்றியமையாததாகும்.